ஜீரோவுக்குப் பிறகு

"ஜீரோ பாத்துக்கங்க அண்ணாச்சி."

சோழபுரத்திலிருந்து ராஜபாளையம் சந்தைக்குப் போகிறவரானாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போகிறவரானாலும் சரி, வழியில் எந்த பங்க்கில் வண்டியை நிறுத்தினாலும் முதலில் காதில் விழுவது இதுதான். வண்டிக்காரர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். மெஷினின் முகத்தில் வரிசையாகச் சுழி நிற்கிறது. தலையசைக்கிறார். நாசில் டேங்க்குக்குள் இறங்குகிறது, எண்கள் ஓடுகின்றன, நூறு ரூபாயில் வந்து நிற்கின்றன. பணம் கைமாறியதும் வண்டி கிளம்பிவிடுகிறது.

அந்த நூறு ரூபாய்க்கு உள்ளே எவ்வளவு விழுந்தது? அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. பால் ஊற்றும்போது செம்பு கண்ணுக்குத் தெரிகிறது. தக்காளி நிறுக்கும்போது தட்டு தெரிகிறது. பூக்காரம்மா முழம் போடும்போது அவர் கை எவ்வளவு நீள்கிறது என்று பார்த்துப் பேரம் பேசலாம். பெட்ரோல் மட்டும் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியிலிருந்து ஒரு குழாய் வழியாகக் கிளம்பி, வண்டியின் டேங்க்குக்குள் போய் மறைந்துவிடுகிறது. வாங்குகிறவருக்குத் தெரிவதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் எண்தான். ஜீரோவைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், பார்த்தும் கொள்கிறோம். ஜீரோவுக்குப் பிறகு நடப்பதை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

பெட்ரோல் விற்பனை தொடங்கிய காலத்தில் இதே சந்தேகம் வாங்குகிறவர்களுக்கு இருந்தது. அதற்கு அன்றைக்குக் கண்டுபிடித்த தீர்வு மிக எளிமையானது. பம்பின் தலையில் கோடு போட்ட பெரிய கண்ணாடிக் குழாய் ஒன்றை வைத்தார்கள். கையால் அடித்துப் பெட்ரோலை அந்தக் குழாய்க்குள் ஏற்றி, "இதோ பாருங்கள், இந்தக் கோடு வரைக்கும்" என்று காட்டிவிட்டு வண்டிக்கு இறக்குவார்கள். பிறகு வேகம் வேண்டியிருந்தது, கூட்டம் பெருகியது, கண்ணாடி போய் மீட்டர் வந்தது. சரக்கைக் காட்டி விற்ற இடத்தில் எண்ணைக் காட்டி விற்கத் தொடங்கினார்கள்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும். மெஷினுக்குள் ஓர் அளவுமானி இருக்கிறது. பெட்ரோல் அதன் அறைகளை நிரப்பி நிரப்பி வெளியேறும்போது ஒரு தண்டு சுழல்கிறது. அந்தத் தண்டோடு சேர்த்து 'பல்ஸர்' என்ற சின்னக் கருவியை மாட்டியிருப்பார்கள். தண்டு சுழலச் சுழல அது மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு நூறு துடிப்பு என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஒரு துடிப்புக்குப் பத்து மில்லி. மெஷினின் மூளையாக இருக்கும் மின்னணுப் பலகை துடிப்புகளை எண்ணுகிறது, அன்றைய விலையால் பெருக்குகிறது, ரூபாயாக முகத்தில் காட்டுகிறது. பெட்ரோல் ஓடுவது ஒரு பக்கம், எண் ஓடுவது இன்னொரு பக்கம். இரண்டையும் இணைப்பது அந்தத் துடிப்பு ஒன்றுதான்.

திருட்டு நுழைவதும் அந்த இடத்தில்தான்.

2017 ஏப்ரல் கடைசியில் உத்தரப் பிரதேசக் காவல்துறையின் சிறப்பு அதிரடிப் படை, லக்னோவில் சில பங்க்குகளுக்குள் இரவோடு இரவாக நுழைந்தது. மெஷின்களைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருக்கக்கூடாத சின்னச் சின்னச் சிப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சிப் ஒன்றின் விலை ஏறத்தாழ 3,000 ரூபாய். வராத துடிப்புகளையும் வந்ததாக மெஷினை எண்ண வைப்பது அதன் வேலை. லிட்டருக்கு ஐம்பது மில்லி அளவில் குறைந்தது. இதைவிட மோசமான செய்தி ரிமோட். சோதனை வருகிறது என்று தெரிந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மெஷின் உத்தமராகிவிடும். அதிகாரி அளந்து பார்த்துத் திருப்தியோடு போன பிறகு மறுபடியும் ஒரு பொத்தான். அதே ஆண்டில் தாணே போலீசார் மகாராஷ்டிரத்தில் பல ஊர்களில் பங்க்குகளைச் சோதனையிட்டு, உள்வேலை பார்க்கப்பட்ட பல்ஸர்களைக் கைப்பற்றினார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2020 செப்டம்பரில் விவகாரம் தென் மாநிலங்களுக்கே வந்தது. ஐதராபாத்தை ஒட்டிய சைபராபாத் போலீசாரும் எடையளவுத் துறையினரும் சேர்ந்து ஒரு கும்பலைப் பிடித்தார்கள். தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் பல பங்க்குகளில் அந்தக் கும்பல் சிப் பொருத்திக் கொடுத்திருந்தது. மெஷின் ஆயிரம் மில்லி என்று காட்டும், டேங்க்குக்குள் 970 மில்லி விழும்.

முப்பது மில்லி. இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியால் மூன்று மூடி. இதற்கா இவ்வளவு ஏற்பாடு என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நாளுக்கு ஒரு லிட்டர் போடுகிற ஒரு பைக்காரர் ஆண்டுக்குப் பதினோரு லிட்டர் இழக்கிறார், லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஆயிரத்து நூறு. அவர் அதைக் கவனிக்கவே மாட்டார். நாளுக்கு 5,000 லிட்டர் விற்கும் ஒரு பங்க்கை நினைத்துப் பாருங்கள். அங்கே மூன்று சதவீதம் என்பது 150 லிட்டர், ஒரே நாளில் பதினைந்தாயிரம் ரூபாய், மாதத்துக்கு நாலரை லட்சம். ஒரு லிட்டர் பெட்ரோலை நேர்மையாக விற்றால் டீலருக்குக் கிடைக்கும் கமிஷன் மூன்று, நான்கு ரூபாய் அளவில்தான் இருக்கிறது. முப்பது மில்லி திருடினால் அதே லிட்டரில் இன்னொரு மூன்று ரூபாய். அதாவது, வருமானம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அந்த ஆசைக்கு இடங்கொடுக்காமல், காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து சரியாக அளந்து கொடுக்கும் டீலர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இதே கணக்கை வைத்துத்தான் மதிக்க வேண்டும்.

சிப் இல்லாமலே நடக்கும் பழைய தந்திரமும் உண்டு. அதற்கு மெஷின் தெரிந்திருக்க வேண்டாம், பேச்சு தெரிந்தால் போதும். ஒருவர் ஐந்நூறுக்குக் கேட்கிறார். இருநூறில் நாசில் நின்றுவிடுகிறது. "தப்பா அமுக்கிட்டேன் சார், மீதி முந்நூறு போட்டுடறேன்." எண்ணை ஜீரோவுக்குக் கொண்டுவராமல் இருநூறிலிருந்தே ஓட விட்டு, முந்நூறு வந்ததும் நிறுத்துகிறார்கள். அந்த நேரத்தில் இன்னொரு பையன் வந்து "கார்டா, ஜிபேயா?" என்று கேட்டுக் கவனத்தைத் திருப்பினால் காரியம் முடிந்தது. ஐந்நூறு கொடுத்தவருக்கு முந்நூறுக்கான பெட்ரோல். ஜீரோ பார்க்கச் சொல்லும் வழக்கம் இந்த மாதிரி ஏமாற்றுக்கு நல்ல மருந்து. இடையில் ஒருமுறை நின்றால் இரண்டாவது ஜீரோவையும் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் சிப்புக்கு அந்த மருந்து செல்லாது. ஜீரோ உண்மையான ஜீரோதான். அதற்குப் பிறகு வரும் ஒவ்வோர் எண்ணும்தான் பொய்.

மக்கள் தங்களுக்குள்ளேயே சில வைத்தியங்களை வைத்திருக்கிறார்கள். "நூறுக்குப் போடாதே, நூத்திப் பத்துக்குப் போடு. நூறுக்கு அவன் செட்டிங் வச்சிருப்பான்" என்பது ஒன்று. துடிப்பைக் கூட்டி எண்ணுகிற சிப்புக்கு நூறும் ஒன்றுதான், நூற்றுப் பத்தும் ஒன்றுதான். "விடியக்காலையில போடு, குளிர்ச்சியில பெட்ரோல் கெட்டியா இருக்கும்" என்பது இன்னொன்று. இதில் அறிவியல் பாதி இருக்கிறது. பெட்ரோல் சூட்டில் விரியும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. கனடாவில் இதற்காகவே மெஷின்கள் வெப்பநிலையைக் கணக்கில் எடுத்து, 15 டிகிரிக்கான அளவாக மாற்றிக் காட்டுகின்றன. ஆனால் ராஜபாளையத்து வெயில் மண்டையைப் பிளந்தாலும், மண்ணுக்கு அடியில் புதைத்த தொட்டியின் சூடு காலைக்கும் மதியத்துக்கும் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் விடிகாலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை.

"முன்னெல்லாம் அறுபது குடுத்த வண்டி இப்ப ஐம்பத்தஞ்சுதான் குடுக்குது, அளவுல அடிக்கிறான்" என்ற புகாரையும் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். டயரில் காற்று குறைந்தாலும், ஏர் ஃபில்டரில் தூசி அடைத்தாலும் மைலேஜ் போகும். இப்போது பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு வரை எத்தனால் கலந்து வருகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். லிட்டர் சரியாகவே இருந்தும் தூரம் குறையலாம். மைலேஜ் சந்தேகத்தைக் கிளப்பலாம், சாட்சி சொல்லாது. வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் அளப்பதும் வேண்டாத வேலை. ஒரு லிட்டர் பாட்டிலும் இருபது லிட்டர் கேனும் விளிம்பு வரைக்கும் ஊற்றினால் சொன்ன அளவைவிடக் கூடவே பிடிக்கும். தீ ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

சாட்சி சொல்லக்கூடிய பாத்திரம் பங்க்கிலேயே இருக்கிறது.

ஐந்து லிட்டர் அளவைக் கேன் அது. உலோகத்தாலானது, வயிறு பெருத்துக் கழுத்து ஒடுங்கியிருக்கும். கழுத்தை ஒடுக்கியதில்தான் சூட்சுமம். அகலமான வாளியில் இருபது மில்லி கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒடுங்கிய கழுத்தில் அதே இருபது மில்லி மட்டத்தை நன்றாக ஏற்றி இறக்கிக் காட்டும். கழுத்தில் கோடுகள் போட்டு மில்லிக் கணக்கு எழுதியிருப்பார்கள். எடையளவு அதிகாரியின் முத்திரை அந்தக் கேனிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பங்க்கிலும் இது இருந்தாக வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. வாங்க வந்தவர் யார் கேட்டாலும், காசு வாங்காமல் அவர் கண் முன்னே அளந்து காட்ட வேண்டும் என்பதும் விதி.

அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காய்ந்த கேனில் நேராக ஊற்றினால் கணக்கு தப்பும், ஏனென்றால் கொஞ்சம் பெட்ரோல் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் ஒருமுறை நிரப்பி, கவிழ்த்து, சொட்டு வடிய விட்டு, அந்த ஈரத்தோடு மறுபடி ஊற்ற வேண்டும். கேனைச் சமதளத்தில் வைக்க வேண்டும். மெஷினில் ஐந்து லிட்டர் என்று வைத்து ஓட விட்டு, நுரை அடங்கிய பிறகு, கண்ணை மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து கோட்டைப் பார்க்க வேண்டும். நின்றபடியே மேலிருந்து எட்டிப் பார்த்தால் தப்பாகத் தெரியும்.

ஐந்து லிட்டருக்கு 25 மில்லி முன்னே பின்னே இருக்கலாம், அதாவது அரை சதவீதம். தண்டும் பல்சக்கரமும் உள்ள எந்த எந்திரத்துக்கும் இந்த அளவு தேய்மானத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அந்த நாசிலில் விற்பனையை நிறுத்த வேண்டும். இருநூற்று ஐம்பது மில்லி குறைந்தால் அது லக்னோ அளவுக் கொள்ளை. தெலங்கானாவில் பிடிபட்ட அளவு ஐந்து லிட்டருக்கு நூற்றைம்பது மில்லி. இரண்டுமே இந்தக் கேனின் கழுத்தில் வெட்டவெளிச்சமாகத் தெரிந்திருக்கும், ரிமோட்டை அமுக்க நேரம் கொடுக்காமல் யாராவது திடீரென்று கேட்டிருந்தால்.

ரிமோட்கூட இல்லாமல் அதிகாரிகளை ஏமாற்றிய கதையும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் 1998-ஆம் ஆண்டு ஒரு வழக்கு. அங்கே சோதனைக்கு வரும் அதிகாரிகள் ஐந்து காலன் அல்லது பத்து காலன் பிடித்துப் பார்ப்பது வழக்கம். திருடர்கள் அதைத் தெரிந்துகொண்டு, சரியாக ஐந்தும் பத்தும் வரும்போது மட்டும் ஒழுங்காக அளக்கும்படி சிப்பை எழுதியிருந்தார்கள். அதிகாரிகள் வந்து வந்து அளந்தார்கள், எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் குட்டை உடைத்தது சாதாரண வாடிக்கையாளர்கள்தான். தங்கள் காரின் டேங்க் கொள்ளாத அளவுக்குப் பெட்ரோல் போட்டதாக பில் வருகிறதே என்று அவர்கள் புகார் கொடுத்தார்கள்.

இந்தக் கதை நம்முடைய வண்டிக்காரருக்கும் ஒரு வழியைக் காட்டுகிறது. டிவிஎஸ் எக்ஸ்எல் 100-இன் டேங்க் 4 லிட்டர். ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில் 9.8 லிட்டர். நாலு லிட்டர் டேங்க்கில், ஏற்கெனவே அரை லிட்டர் கிடக்கும்போது, நாலரை லிட்டர் போட்டதாக மெஷின் சொன்னால் அங்கேயே கேள்வி கேட்கலாம். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனி சொல்லும் கொள்ளளவு கழுத்துவரை நிரப்பும் கொள்ளளவு அல்ல, காரில் அந்த வித்தியாசம் சில லிட்டர்கூட வரலாம். எனவே ஒரு முறை கூடிவிட்டது என்று சண்டைக்குப் போகக்கூடாது. ஐந்து லிட்டர் கேனைக் கேட்க அது போதுமான காரணம்.

தமிழ்நாட்டில் எடையையும் அளவையும் கண்காணிப்பது தொழிலாளர் துறை. இது பலருக்குத் தெரியாது. ஆலைத் தொழிலாளர் பிரச்சினையைப் பார்க்கும் அதே துறைதான் மளிகைக் கடைத் தராசுக்கும் பங்க் மெஷினுக்கும் முத்திரை வைக்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 என்பது அவர்கள் கையில் இருக்கும் சட்டம், 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பங்க் மெஷினை ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்த்து, அளவுமானியைத் திருத்தும் இடத்தில் கம்பி கோத்து, ஈயக் குண்டை வைத்து நசுக்கி முத்திரை பதிக்கிறார்கள். அந்த முத்திரையில் ஆண்டின் கடைசி இரண்டு எண்ணும், எந்தக் காலாண்டு என்பதைக் காட்டும் ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். கம்பி அறுந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சரிபார்ப்புச் சான்றிதழைக் கடையில் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும்.

'முத்திரை' இந்த மண்ணுக்குப் புதிய சொல் அல்ல. வயதானவர்கள் இன்னும் முத்திரைப் படி, பக்காப் படி என்று சொல்வார்கள். அதற்கும் ஆயிரம் ஆண்டு முன்னால் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த நெல்லை அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர் வைத்திருந்தார்கள், அது 'ராஜகேசரி' என்ற அளவுக்கு ஒப்பானது என்று கல்லிலும் வெட்டி வைத்தார்கள். பொன்னை நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். நகையை நிறுத்த கல்லுக்குப் பெயர் 'தட்சிணமேரு விடங்கன்'. இறைவன் பெயரை அளவுக்குச் சூட்டியவர்கள், ஊருக்கு ஊர் மரக்கால் மாறினால் என்ன ஆகும் என்பதை நன்றாக அறிந்தவர்கள். சோழர் பெயரைத் தாங்கி நிற்கும் ஓர் ஊரின் விவசாயி இன்றைக்கு டிராக்டருக்கு நாற்பது லிட்டர் டீசல் போடும்போது, அவருக்கும் மெஷினுக்கும் நடுவே நிற்பது அந்தப் பழைய ஏற்பாட்டின் வாரிசான ஒரு சின்ன ஈயக் குண்டு. மூன்று சதவீதம் அடித்தால் அவருக்கு ஒரே தடவையில் ஒன்றே கால் லிட்டர் வரை போகும். உழவு நாட்களில் அவர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போடுகிறார்.

ஈயக் குண்டு பாதுகாப்பது அளவுமானியை. சிப்புக்காரர்கள் கை வைத்தது அதற்கு மேலே, துடிப்பு போகும் வழியில். முத்திரை அறுபடாமலே திருட முடிந்தது அதனால்தான். 2017-க்குப் பிறகு பல்ஸருக்கும் மின்னணுப் பலகைக்கும் காவல் பலப்படுத்தப்பட்டது. தொட்டியின் மட்டத்தையும் நாசிலின் விற்பனையையும் கணினியே பதிவுசெய்யும் தானியங்கி முறை பெரும்பாலான பங்க்குகளுக்கு வந்துவிட்டது. நாசில் ஆயிரம் லிட்டர் விற்றதாகச் சொல்லி, தொட்டியில் 970 லிட்டர்தான் இறங்கியிருக்கிறது என்றால் கணக்கு இடிக்கும். அந்த இடிப்பைப் பார்க்க ஒருவர் உட்கார்ந்திருந்தால் திருட்டு நாள் கணக்கில் பிடிபடும். உட்காராவிட்டால் கணினி பதிவுசெய்துகொண்டே இருக்கும்.

சட்டத்தின் பல் கூர்மையாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2009-இல் சட்டம் இயற்றியபோது, குறைத்து அளந்து கொடுத்த முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் அதிகபட்சம் பத்தாயிரம் ரூபாய். மேலே போட்ட கணக்குப்படி ஒரு நாள் திருட்டே பதினைந்தாயிரம். கருவியிலேயே கை வைத்தவருக்குத் தண்டனை கூடுதல், எண்ணெய் நிறுவனம் டீலர்ஷிப்பையே பறிக்கலாம். உண்மையில் டீலர்கள் பயப்படுவது அந்த இரண்டாவதற்குத்தான்.

இதே நோயோடு மெக்சிகோ பல ஆண்டுகளாகப் போராடுகிறது. அங்கே 'லிட்டருக்கு லிட்டர்' என்பதே ஒரு பொதுக் கோரிக்கை, முழு லிட்டரைக் கொடு என்று அர்த்தம். 1976 முதல் இயங்கும் 'ப்ரோஃபெக்கோ' என்ற அரசு நுகர்வோர் அமைப்பின் ஆட்கள் 20 லிட்டர் உலோக ஜாடியோடு பெட்ரோல் நிலையங்களுக்குப் போகிறார்கள். பிடித்துப் பார்க்கிறார்கள், எலக்ட்ரானிக் உள்வேலை இருக்கிறதா என்று மெஷினைத் திறந்தும் பார்க்கிறார்கள், தப்பு என்றால் அந்த பம்புக்குத் தடைப் பட்டை ஒட்டிவிடுகிறார்கள். செல்போனிலேயே புகார் செய்ய 'லிட்டருக்கு லிட்டர்' என்ற பெயரிலேயே ஒரு செயலியும் வந்தது.

மெக்சிகோ செய்ததில் நாம் கவனிக்க வேண்டியது ஜாடியும் செயலியும் அல்ல. 2019 முதல், அந்நாட்டு அதிபரின் காலைச் செய்தியாளர் சந்திப்பில் வாரம் ஒருமுறை ப்ரோஃபெக்கோவின் தலைவர் வந்து நின்று, எந்த ஊரில் எந்த நிலையம் சோதனைக்கே இடம் கொடுக்கவில்லை என்பதைப் பெயர் சொல்லித் தொலைக்காட்சியில் அறிவித்தார். யார் அதிக விலை, யார் குறைந்த விலை என்பதையும் சொன்னார். குறைத்து அளந்தால் அபராதம் கட்டிவிட்டுத் தப்பலாம். ஊர் முழுக்க டி.வி.யில் பெயர் வந்துவிட்டால் பக்கத்து நிலையத்துக்குக் கூட்டம் போய்விடும்.

நம் ஊரிலும் தொழிலாளர் துறையினர் அவ்வப்போது பங்க்குகளில் திடீர் ஆய்வு செய்கிறார்கள். மறுநாள் பேப்பரில் 'இத்தனை பங்க்குகளில் ஆய்வு, இத்தனையில் முரண்பாடு' என்று ஒரு செய்தி வரும். எந்த பங்க், எவ்வளவு குறைந்தது என்பது பெரும்பாலும் இருக்காது. அந்தத் தகவல் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு அது போய்ச் சேருவதில்லை. ஒவ்வொரு மெஷின் மேலும் கடைசி ஆய்வு நடந்த தேதி, ஐந்து லிட்டருக்கு எத்தனை மில்லி கூடியது அல்லது குறைந்தது என்ற இரண்டே வரிகளைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினால் போதும். இதற்குப் பெரிய செலவு கிடையாது. சரியாக அளப்பவருக்கு அது விளம்பரமாகவும் ஆகிவிடும்.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, சரக்கும் சரியாக இருக்க வேண்டும். அதற்கும் பங்க்கிலேயே இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று ஃபில்டர் பேப்பர். நாசில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் ஆவியாகிவிடும். கறை நின்றால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். இன்னொன்று ஹைட்ரோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்குப் பால் கொண்டுவருகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று லாக்டோமீட்டரை மிதக்க விட்டுப் பார்க்கிறார்களே, அதே தத்துவம்தான். 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்ட பெட்ரோலின் அடர்த்தி கன மீட்டருக்கு 720-க்கும் 775 கிலோவுக்கும் இடையில் இருக்க வேண்டும். அன்றைய அடர்த்தியை பங்க்கில் எழுதி வைத்திருப்பார்கள், பில்லிலும் சில இடங்களில் அச்சாகும்.

இவ்வளவும் இருந்தும் ஏன் யாரும் கேட்பதில்லை? முதல் காரணம், கேட்கலாம் என்பதே தெரியாது. இரண்டாவது, கூச்சம். பின்னால் ஆறு வண்டி நிற்கிறது, ஹாரன் அடிக்கிறார்கள், நூறு ரூபாய்க்குப் போட வந்தவர் ஐந்து லிட்டர் கேனைக் கேட்டால் "பெரிய ஆபீசர்" என்று எவராவது முனகுவார்கள். மூன்றாவது காரணம் இன்னும் ஆழமானது. தினமும் பார்க்கும் முகம், பங்க்கில் நிற்கும் பையன் பக்கத்துத் தெருக்காரன், சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவன் வருத்தப்படுவான். ஆனால் சிப் பொருத்தியிருந்தால் அந்தப் பையனுக்கே அது தெரியாமல் இருக்கலாம். அவனும் ஓடுகிற எண்ணைத்தான் பார்க்கிறான். அளந்து பார்ப்பது அவனை அவமதிப்பது அல்ல. அளவு சரியாக வந்தால் ஊரிலேயே நிம்மதி அடையும் முதல் ஆள் அவன்தான்.

கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கேட்கலாம். காட்ட மறுத்தாலோ, அளவு குறைந்தாலோ, பில்லை வாங்கி வைத்துக்கொண்டு, மெஷின் எண்ணும் நாசில் எண்ணும் நேரமும் குறித்துக்கொண்டு, பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். விருதுநகரில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு ஒரு தபால் போடலாம். நாசில் எண் இல்லாத புகார் பெரும்பாலும் காற்றோடு போய்விடும், ஒரே மெஷினில் ஒரு நாசில் சரியாகவும் இன்னொன்று தப்பாகவும் இருக்கலாம் என்பதால்.

பங்க்கில் விடிந்ததும் நடக்கும் முதல் வேலைகளில் ஒன்று, ஒவ்வொரு நாசிலிலும் ஐந்து லிட்டர் பிடித்துப் பார்ப்பது. அளந்து முடித்த பெட்ரோலை மறுபடி தொட்டிக்குள்ளேயே ஊற்றிவிடுகிறார்கள். மீட்டரில் அது விற்பனையாக ஏறியிருக்குமே, அதனால் கணக்கு நோட்டில் 'டெஸ்ட்' என்ற கட்டத்தில் ஐந்து லிட்டர் என்று எழுதிக் கழித்துக்கொள்கிறார்கள். பகல் பதினோரு மணிக்கு சோழபுரத்துக்காரர் ஒருவர் எக்ஸ்எல்லை ஓரமாக நிறுத்திவிட்டு, "தம்பி, அந்தக் கேன்ல ஒரு தடவ பிடிச்சுக் காட்டுப்பா" என்று கேட்டாலும் அதே கட்டத்தில் இன்னொரு ஐந்து ஏறும், அவ்வளவுதான். கேன் ஆபீஸ் அறையின் மூலையில், தீயணைப்பு மணல் வாளிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கும்.